கோப்பும் குழந்தையும்: லெம் சிசேயின் தன்வரலாறு குறித்து ஒரு திறனாய்வு

ஒரு மனிதனின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவோர் பல திறத்தினர். தம் வாழ்வைத் தாமே எழுதுவோர் ஒரு திறத்தினர். பிறர் வாழ்வை அன்பினாலோ ஆராய்ச்சி ஆர்வத்தினாலோ எழுதுவோர் மற்றொரு திறத்தினர். மூன்றாவதாக ஒரு திறத்தினர் உளர். அவர்களை இலக்கிய வரலாறு கணக்கிற் கொள்வதில்லை. அவர்களே அரசு அலுவலர்கள். பெற்றோரிடம் வளர இயலாத ஒரு குழந்தையை அரசு தன் பொறுப்பில் ஏற்றுக்கொள்ளும்பொழுது, அக்குழந்தையின் பெயரால் ஒரு கோப்பு திறக்கப்படுகிறது. அக்குழந்தையின் முதல் வாழ்க்கை வரலாறு அதுவே. அதனை எழுதியோர் பலர், படித்தோர் சிலர். யாரைப் பற்றி எழுதப்பட்டதோ, அவர் மட்டும் நெடுங்காலம் அதனைப் படித்ததில்லை.

தாய் தந்தையரிடம் வளரும் குழந்தைக்குக் கோப்பு வேண்டுவதில்லை. முதற்பல் முளைத்த மாதம், பள்ளிக்குச் சென்ற முதல் நாளில் அழுத அழுகை, நெற்றித் தழும்பு வந்த கதை ஆகியவற்றையெல்லாம் தாயோ பாட்டியோ நெஞ்சில் வைத்திருந்து வேண்டும்பொழுது எடுத்துச் சொல்வர். அரசின் பொறுப்பில், வீடு விட்டு வீடு மாறி வளரும் குழந்தைக்கு அந்நினைவைச் சுமக்கும் ஆள் இல்லை, தாள்தான் உண்டு. ஆகவே அத்தாளில் என்ன எழுதப்படுகிறது, எவ்வாறு எழுதப்படுகிறது என்பனவற்றை வெறும் அலுவலக நடைமுறை என்று தள்ளிவிடல் ஆகாது. ஒரு மனிதன் பிற்காலத்தில் தன்னை அறிந்துகொள்ளும் வழியே அதனைப் பொறுத்துள்ளது.

இவ்வுண்மையை உணர்த்தும் நூல், ஆங்கிலக் கவிஞர் லெம் சிசே 2019ஆம் ஆண்டு வெளியிட்ட 'மை நேம் இஸ் வை' என்னும் தன்வரலாறு. அந்நூலை முன்வைத்து, அரசுப் பொறுப்பில் வளரும் பிள்ளைகளுக்குச் சமூகநலப் பணி எவ்வாறு உற்ற துணையாதல் கூடும் என்பதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலின் பொருளும் அமைப்பும்

லெம் சிசே 1967ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள விகன் நகரை அடுத்துப் பிறந்தவர். அவருடைய தாய், எத்தியோப்பியாவிலிருந்து கல்வி கற்க வந்த மணமாகாத இளம்பெண். குழந்தையைச் சிறிது காலம் பிறர் பொறுப்பில் விட அவர் விரும்பினாரேயன்றித் தத்துக்கொடுக்கும் தாளில் கையொப்பமிட இசையவில்லை. குழந்தையை ஏற்ற சமூகநல அலுவலரோ தம்முடைய பெயராகிய நார்மன் என்பதையே அக்குழந்தைக்குச் சூட்டினார். வெள்ளையர் குடும்பம் ஒன்றிடம் ஒப்படைத்து, தத்தாகவே கருதிக்கொள்ளுமாறும் கூறினார். பன்னிரண்டாம் வயது வரை அக்குடும்பத்தையே தன் குடும்பமாக நம்பி வளர்ந்த சிறுவனை, அக்குடும்பத்தார் திருப்பி ஒப்படைத்தனர். அதன்பின் நான்கு இல்லங்கள். குற்றம் ஏதும் செய்யாத அப்பிள்ளை இறுதியில் அடைபட்டது, சிறைக்கூடம் போன்றதொரு நிலையத்தில்.

அரசின் பொறுப்பை விட்டு நீங்கும் பருவத்தில் அவர் கைக்கு இரண்டு தாள்கள் வந்தன. ஒன்று பிறப்புச் சான்றிதழ். தம் பெயர் லெம் சிசே என்பதனை அதிலிருந்தே அவர் அறிந்தார். மற்றொன்று 1968ஆம் ஆண்டில் அவருடைய தாய் அலுவலருக்கு எழுதிய மடல்; மகனைத் திரும்பப் பெறுவதற்கு வழி கேட்டு எழுதியது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அம்மடல் கோப்பினுள் உறங்கிக் கிடந்தது. அதே ஆண்டுகளில், தாய் தன்னை வேண்டாமென விட்டுச் சென்றாள் என்ற எண்ணத்தோடு ஒரு சிறுவன் வளர்ந்துகொண்டிருந்தான்.

பின்னாளில் அவர் 2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் போட்டிக்குக் கவிதை எழுதியதும், 2015 முதல் 2022 வரை மான்செஸ்டர் பல்கலைக்கழக வேந்தராக விளங்கியதும் உலகறிந்தவை. ஆயினும் தம்மைப் பற்றிய முழுக்கோப்பினைப் பெறப் பல்லாண்டுகள் அவர் வாதாட வேண்டியிருந்தது. விகன் நகராண்மைக் கழகம் 2015இல்தான் அதனை அளித்தது.

அக்கோப்பிலிருந்து பிறந்ததே இந்நூல். தட்டச்சுத் தாள்களையும் கையெழுத்துக் குறிப்புகளையும் உள்ளவாறே அச்சிட்டு, அவற்றுக்கு இடையிடையே தம் நினைவுகளை ஆசிரியர் எழுதிச் செல்கிறார். ஒவ்வோர் இயலும் ஒரு நான்கடிக் கவிதையோடு தொடங்குகிறது. இதனால் ஒரே நிகழ்ச்சியை இருவர் வாயிலாகக் கேட்கும் நிலை உண்டாகிறது. அலுவலர் ஒருவாறு கூறுகிறார். அதனை உடலால் அனுபவித்தவர் வேறொருவாறு கூறுகிறார். இரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவை அளந்துகொள்ளும் பொறுப்பு வாசகனுடையது. நூலின் வன்மை இவ்வமைப்பில்தான் உள்ளது.

பெயரிடும் உரிமை

எத்தியோப்பியரின் அம்ஹாரிக் மொழியில் 'லெம்' என்பதற்கு 'ஏன்' என்று பொருள். நூலின் தலைப்பும் இப்பொருளையே தாங்கி நிற்கிறது. தாய் இட்ட பெயரே ஒரு கேள்வி. அலுவலர் மாற்றி இட்டதோ தம் பெயர். கேள்வியை நீக்கிவிட்டு அவ்விடத்தில் அதிகாரத்தின் பெயரை வைத்தாற்போல் இது அமைந்துவிட்டது.

இங்கிலாந்தில் இது புதிதாகத் தோன்றிய வழக்கமன்று. தாமஸ் கோரம் என்பார் 1739இல் அரச பட்டயம் பெற்று, இலண்டனில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு ஓர் இல்லம் நிறுவினார். 1741இல் முதற்குழந்தைகள் அங்குச் சேர்க்கப்பட்டனர். சேர்க்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் புதுப்பெயர் இடப்பட்டது. பின்னொரு நாள் மீட்க வரின் அடையாளம் காட்டுவதற்காகத் தாய்மார் ஒரு துணித்துண்டையோ காசையோ விட்டுச் சென்றனர். அவ்வடையாளங்களுட் சில இன்றும் இலண்டனிலுள்ள அருங்காட்சியகத்தில் உள்ளன. 1837 முதல் 1839 வரை தொடராக வெளிவந்த 'ஆலிவர் ட்விஸ்ட்' புதினத்தில், அனாதைக் குழந்தைகளுக்கு அகரவரிசைப்படி பெயரிட்டுப் பெருமிதங்கொள்ளும் ஊர் அலுவலர் ஒருவரைச் சார்லஸ் டிக்கன்ஸ் படைத்துக் காட்டினார். அன்று நகைச்சுவையாகச் சித்திரிக்கப்பட்டது, நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னும் விகன் நகரில் நடப்பாகவே இருந்தது.

தமிழ் மாணவர்க்கு ஈண்டு மணிமேகலையின் ஆபுத்திரன் நினைவுக்கு வருதல் இயல்பே. இரவில் ஒரு தோட்டத்தில் தாய் விட்டுச் சென்ற அக்குழந்தையைப் பசு ஒன்று ஏழு நாள் பாலூட்டிக் காத்தது. அவ்வழி வந்த இளம்பூதி என்னும் அந்தணன் தன் மகனாகவே ஏற்று மறை பயிற்றுவித்தான். வேள்விப் பசுவை விடுவித்ததற்காக ஊரார் ஆபுத்திரனைப் பழித்து, அவன் பிறப்பின் வரலாற்றைப் பொதுவில் எடுத்துரைத்தபொழுது, வளர்த்த தந்தையும் அவனைக் கைவிட்டான். ஆபுத்திரன் தன் பிறப்பின் கதையைத் தன்னைப் பழிப்போர் வாயிலிருந்தே கேட்டான் என்பது நாம் கவனிக்க வேண்டுவதொன்று. அவன் வரலாற்றை அறிந்தவர் ஊரில் இருந்தனர். அன்போடு அதனை அவனிடம் சொல்லத்தான் எவரும் இல்லை. காலத்தாலும் நாட்டாலும் வேறுபட்ட அவ்விரு பிள்ளைகளுக்கும் நேர்ந்த துன்பம் ஒன்றே.

கோப்பின் இலக்கணம்

இனி, கோப்பின் மொழியை ஓர் இலக்கண ஆசிரியரின் கண்கொண்டு நோக்குவோம்.

இத்தகைய கோப்புகளில் முதலில் கண்ணிற்படுவது செயப்பாட்டு வினையே. குழந்தை 'ஒப்படைக்கப்பட்டது', 'மாற்றப்பட்டது', 'அனுப்பப்பட்டது' என்றால் செய்தவர் யார்? அவ்வாக்கியங்களில் வினைமுதல் இல்லை. வாக்கியத்தில் இல்லாத வினைமுதலை நாளை எவரும் கேள்வி கேட்டல் இயலாது. அடுத்துக் காண்பது, உயிருள்ள செயலை உயிரற்ற பெயராக்கும் வழக்கம். ஒரு பிள்ளை அழுதுகொண்டே வீட்டை விட்டு வெளியேறுவதனை ஆங்கிலக் கோப்பு 'பிளேஸ்மென்ட் முறிந்தது' என்று குறிக்கும். ஒரு மகள் தன் தாயைச் சென்று காண்பது 'காண்டாக்ட்' எனப்படும். தாயைக் காண்பதற்கு எந்த மொழியிலேனும் ஒரு தனிக் கலைச்சொல் வேண்டுமோ?

1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம், அரசுப் பொறுப்பிலுள்ள பிள்ளைகளைப் 'பேணப்படும் குழந்தைகள்' என்னும் பொருள்படும் தொடரால் வழங்கிற்று. நல்ல தொடரே. ஆனால் அலுவலகங்கள் அதன் முதலெழுத்துகளைச் சேர்த்து 'லாக்' என்று சுருக்கின. அதே ஒலியுடைய ஆங்கிலச் சொல்லுக்குக் 'குறைபாடு' என்பது பொருள். தாம் குறையுடையோர் என்னும் பெயரை நாள்தோறும் செவியேற்க நேர்ந்த பிள்ளைகள் அதனை வெறுத்ததில் வியப்பில்லை. 2019இல் டாக்ட் என்னும் அறநிறுவனம் இத்தகைய பிள்ளைகளையே கேட்டு, அவர்கள் வெறுக்கும் சொற்களையும் விரும்பும் மாற்றுச் சொற்களையும் தொகுத்து வெளியிட்டது.

மூன்றாவதாக, இவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. கோப்பு 'என்ன நடந்தது' என்று எழுதும். 'ஏன் நடந்தது' என்று எழுதுவது அரிது. சிறுவன் முரண்டு பிடித்தான் என்பது பதிவாகும். அதற்கு முன்தினம் அவனுக்கு நேர்ந்தது பதிவாகாது. லெம் சிசேயின் பெயரை மாற்றியவர் எடுத்தெறிந்த சொல் எதுவோ, கோப்பில் இல்லாத சொல்லும் அதுவே.

2017இல் இலண்டன் ராயல் கோர்ட் அரங்கில் ஒரு நிகழ்ச்சி நடைபெற்றது. லெம் சிசேயின் இளமைத் துன்பங்கள் அவர் உள்ளத்தை எவ்வாறு பாதித்தன என்று உளவியலறிஞர் ஒருவர் எழுதிய அறிக்கையை, ஒரு நடிகை மேடையில் உரக்கப் படித்தார். அவையோரோடு சேர்ந்து லெம் சிசேயும் அன்றுதான் முதன்முறையாக அதனைக் கேட்டார். தம்மைப் பற்றி எழுதப்பட்ட தாள்களைத் தாம் ஒருவரே படிப்பதன் துயரத்தை அவையோரும் பகிர்ந்துகொள்ளச் செய்தார் அவர்.

படர்க்கையிலிருந்து முன்னிலைக்கு

கோப்பைக் காணும் உரிமை எளிதில் கிட்டியதன்று. லிவர்பூல் நகரில் தாயை இழந்து, நகராண்மைக் கழகத்தின் பொறுப்பில் வளர்ந்த கிரஹாம் காஸ்கின் என்பார் தம் கோப்பைக் கேட்டு வழக்காடினார். அவ்வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1989ஆம் ஆண்டு சூலையில் தீர்ப்பளித்தது. தம் இளமையை அறிந்துகொள்ள விழைவது மனிதர்க்குரிய இன்றியமையாத நாட்டம் என்பதனை ஏற்று, அக்கோரிக்கையை நடுநின்று தீர்மானிக்கத் தனி அமைப்பு இல்லாமையை உரிமை மீறல் என்று நீதிமன்றம் கண்டது. அதே ஆண்டு நவம்பரில் ஐக்கிய நாட்டு மன்றம் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. பெயரும் அடையாளமும் குழந்தையின் உரிமை என அதன் ஏழாம் எட்டாம் பிரிவுகள் கூறுகின்றன. குழந்தையின் கருத்தைக் கேட்டல் வேண்டும் எனப் பன்னிரண்டாம் பிரிவு கூறுகிறது. இன்று இங்கிலாந்தில் இத்தகைய பிள்ளை ஒருவரின் கோப்பு, அவருக்கு எழுபத்தைந்து வயது நிறையும் வரை காக்கப்படுதல் வேண்டும் என்பது விதி.

காப்பது மட்டும் போதுமா? கருமை தீட்டி மறைத்த வரிகளையும் முன்பின் தொடர்பற்ற தாள்களையும் ஒரு கட்டாகப் பெறுகிறவருக்கு அதனால் ஆறுதல் உண்டாவதில்லை. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள், அரசுப் பொறுப்பில் வளர்ந்தவர்களையே உடன் ஆய்வாளர்களாகச் சேர்த்துக்கொண்டு, 2017ஆம் ஆண்டு முதல் இப்பொருளை ஆராய்ந்தனர். கோப்பு நிறுவனத்தின் தற்காப்புக்கு மட்டும் உரியதன்று, பிள்ளையின் நினைவுக்கும் உரியது என்பதே அவர்களின் அடிப்படைக் கருத்து. இங்கிலாந்தின் சில இடங்களில் அலுவலர்கள் இன்று பிள்ளையை நோக்கி, மடல் எழுதுவதுபோல், முன்னிலையில் குறிப்பெழுதும் முறையைக் கைக்கொண்டு வருகின்றனர்.

இம்மாற்றத்தின் ஆழத்தை விளக்க, யான் அமைத்த இரண்டு எடுத்துக்காட்டுகளைக் காண்க. 'சிறுவன் இன்று வேறிடத்திற்கு மாற்றப்பட்டான். ஒத்துழைக்க மறுத்தான்' என்பது பழைய முறை. 'இன்று உன்னை வேறு வீட்டிற்கு அழைத்துச் சென்றேன். வண்டியில் நீ ஒன்றும் பேசவில்லை. உன் மிதிவண்டியை அங்கேயே விட்டுவர நேர்ந்ததுதான் வருத்தம் என்று பிறகு சொன்னாய். வெள்ளிக்கிழமை சென்று அதனை எடுத்து வருகிறேன்' என்பது புதிய முறை.

இரண்டாவதில் வினைமுதல் வந்துவிட்டது. காரணம் வந்துவிட்டது. பிள்ளையின் சொல்லும் இடம் பெற்றது. இவற்றோடு ஒரு வாக்குறுதியும் பதிவாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மிதிவண்டி வந்ததா இல்லையா என்று எவரும் கேட்கலாம். படர்க்கை முன்னிலையாக மாறியதும் பொறுப்பும் கூடவே வந்து சேர்கிறது.

நூலின் எல்லை

நூலின் சிறப்பைக் கூறிய அளவில் திறனாய்வு முடிந்துவிடாது. குறைகளையும் நோக்குதல் வேண்டும்.

கோப்பினின்று எத்தாள்களை அச்சிடுவது என்பதனைத் தேர்ந்தெடுத்தவர் ஆசிரியரே. வளர்ப்புக் குடும்பத்தார் தம் பக்கத்தை உரைக்க நூலில் இடமில்லை. தன்வரலாற்றுக்கு இஃது இயல்பான எல்லை எனினும், வாசகன் அதனை மறத்தலாகாது. மேலும், லெம் சிசே ஒரு கவிஞர். தம் கோப்புக்கு மறுமொழி எழுதும் சொல்வளம் அவரிடம் இருந்தது. 2024ஆம் ஆண்டு மார்ச்சுக் கணக்கின்படி இங்கிலாந்தில் மட்டும் அரசுப் பொறுப்பில் இருந்த பிள்ளைகள் எண்பத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் நூல் எழுதப்போகிறவர் மிகச் சிலரே. துன்புற்ற சிறுவன் வேந்தரானான் என்னும் கதை, எழுத இயலாத பிறரை மறக்கச் செய்துவிடும் ஆபத்து உண்டு.

பிறிதொரு வினாவும் எழுகிறது. மொழியைத் திருத்திவிட்டால் பணி திருந்திவிடுமோ? மிதிவண்டியைப் பற்றி எழுதவேண்டுமாயின் அலுவலருக்கு அம்மிதிவண்டி தெரிந்திருத்தல் வேண்டும். அது தெரிய, அப்பிள்ளையோடு பலகாலம் பழகியிருத்தல் வேண்டும். ஒருவர் தலையில் அளவுக்கு மீறிய பிள்ளைகளைச் சுமத்தி, சில மாதங்களுக்கு ஒருமுறை அலுவலரை மாற்றிக்கொண்டிருந்தால், அவர் எழுதும் இனிய சொற்கள் ஒப்பனையாகவே முடியும். பழகாதவர் எழுதும் வாக்கியம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும்; பழகியவர் எழுதும் வாக்கியம் ஒரு பிள்ளைக்கே பொருந்தும். ஒரு கோப்பின் தரத்தையும் அதன்வழி அப்பணியின் தரத்தையும் அளக்க இதனைவிட எளிய அளவுகோல் இல்லை.

அந்நாட்டுச் சட்டங்களும் இவ்வுண்மையை மெல்ல மெல்ல உணர்ந்து வந்துள்ளன. 2014ஆம் ஆண்டுச் சட்டம், வளர்ப்புக் குடும்பத்தோடு இருபத்தொரு வயது வரை தங்கியிருக்க வழி செய்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டம், வழிகாட்டும் ஆலோசகரின் துணையை இருபத்தைந்து வயது வரை நீட்டித்தது. ஸ்காட்லாந்தின் ஆய்வுக்குழு 2020இல் 'வாக்குறுதி' என்னும் பெயராலேயே தன் அறிக்கையை வெளியிட்டது. இங்கிலாந்தின் 2022ஆம் ஆண்டு ஆய்வறிக்கையும் நிலைத்த அன்புறவுகளையே வலியுறுத்திற்று. வாக்குறுதி தாளில் ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமை மிதிவண்டி வருகிறதா என்பதே வினா.

தமிழாசிரியர்க்கு உரிய பங்கு

இது தொலைநாட்டுச் செய்தி என்று நாம் அமைந்திருத்தல் இயலாது. மலேசியாவும் சிங்கப்பூரும் 1995இல் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் இணைந்தவை. மலேசியாவின் 2001ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் முந்தைய மூன்று சட்டங்களை ஒருங்கிணைத்தது. சிங்கப்பூரில் வளர்ப்புக் குடும்பத் திட்டம் 1956 முதல் நடைபெற்று வருகிறது. இல்லங்களிலும் வளர்ப்புக் குடும்பங்களிலும் வாழும் பிள்ளைகள் நம் வகுப்பறைகளிலும் அமர்ந்திருக்கிறார்கள்.

'என் குடும்பம்' என்று கட்டுரைத் தலைப்பைக் கரும்பலகையில் எழுதும்பொழுது, அப்பிள்ளையின் எழுதுகோல் எங்கே நின்றுவிடுகிறது என்பதை நாம் பார்த்ததுண்டா? 'நான் அறிந்த ஒருவர்' என்று தலைப்பை மாற்றுவதால் மொழிப்பயிற்சி எவ்வகையிலும் குன்றிவிடாது. 'அனாதை' என்பது நாதன் இல்லாதவர் என்று பொருள்படும் வடசொல்வழிச் சொல். ஒரு குழந்தையிடம் இல்லாததைக் கொண்டு அதற்குப் பெயரிடுவது, அகரவரிசைப்படி பெயரிடுவதினும் எவ்வாறு மேலானது? 'இல்லத்துப் பிள்ளை' என்று ஆசிரியர் அறையில் நாம் வழங்கும் பெயரும் சிந்திக்கத்தக்கதே.

சமூகநல இலாகாவோ இல்லப் பொறுப்பாளரோ ஒரு மாணவரைப் பற்றி நம்மிடம் அறிக்கை கேட்டால், அத்தாளும் அப்பிள்ளையின் கோப்பில் சேரும். 'ஒழுங்கு குறைவு, கவனம் இல்லை' என்று நான்கு சொற்களில் முடித்துவிடாமல், கண்டதைக் கண்டவாறு, காரணத்தோடு எழுதுதல் வேண்டும். பிள்ளை சொன்னதைப் பிள்ளையின் சொற்களிலேயே குறித்தல் வேண்டும். அதற்குப் பிடித்த பாட்டு, அது விளையாட்டில் ஓடிய ஓட்டம், அதன் நண்பன் பெயர் ஆகியவற்றுக்கும் ஒரு வரி ஒதுக்கலாம். ஆண்டிறுதியில் பழைய தாளோடு போய்விடும் கட்டுரை ஏடுகளுள் ஒன்றையேனும், நாளும் வகுப்பும் குறித்து, அப்பிள்ளைக்கெனக் காத்து வைக்குமாறு இல்லத்தாரிடம் ஒப்படைக்கலாம். வீடு பல மாறிய ஒருவருக்குத் தம் பத்தாம் வயதின் கையெழுத்தைக் காட்ட, அந்த ஏட்டைத் தவிர வேறொன்றும் இல்லாமற் போகக்கூடும்.

இவை சட்டத்துக்கோ பொருட்செலவுக்கோ காத்திருக்கும் செயல்கள் அல்ல. சொல்லையே தொழிலாகக் கொண்ட நமக்கு எளிதில் இயல்பவை. அறிக்கைத் தாளை நிரப்பும்பொழுது, தலைமையாசிரியரும் அலுவலரும் மட்டுமே அதனைப் படிப்பர் என்று எண்ணுதல் வேண்டா. இருபது ஆண்டுகள் கழித்து ஒரு மேசையின் முன் அமர்ந்து, தம் பெயரிட்ட கோப்பைத் திறந்து, நம் கையெழுத்தையும் அதற்கு மேலுள்ள வரிகளையும் அம்மாணவர் படிக்கக்கூடும். அவருக்கென்றே அவ்வரிகளை எழுதுவோமாக.